மூன்று நிமிஷப் பிரயாணம்

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் ஆகாய மார்க்கமாக எவ்வளவு தூரம்? நேர்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய 24 கிலோமீட்டர். சிறிய ஊர்களுக்குப் பறக்கும் ஏடிஆர் விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லக் கூடியது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் மூன்று நிமிஷத்துக்கும் குறைவு. பள்ளிக்கூடப் பையன் பலகையில் போடக்கூடிய கணக்கு. அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் பெரம்பலூரில் விமான நிலையம் கிடையாது, அரியலூரிலும் கிடையாது. இரண்டு ஊர்க்காரரும் விமானம் ஏற வேண்டுமானால் திருச்சிராப்பள்ளிக்குத்தான் போக வேண்டும். இல்லாத நிலையத்திலிருந்து இல்லாத நிலையத்துக்கு மூன்று நிமிஷம் என்று கணக்குச் சொல்வதால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

வேடிக்கை என்று இதைத் தள்ளிவிடலாம். நாமும் முதலில் அப்படித்தான் எண்ணினோம். ஆனால் இதே கணக்கு வேறு வேஷத்தில் நமது பொது வாழ்வில் நடமாடுவதைக் காண்கிறோம். தூரத்தை வேகத்தால் வகுத்து வரும் விடையையே பிரயாண நேரம் என்று நம்புகிற மனப்பான்மை, திட்டம் தீட்டுவோரிடமும் இருக்கிறது. மேடையில் பேசுவோரிடமும் இருக்கிறது. ஊருக்கு ஊர் விமான நிலையம் என்ற பேச்சு காதுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. கேட்கும் ஜனங்கள் கைதட்டுகிறார்கள். கைதட்டி முடித்தவுடன் வீடு திரும்பப் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள். அந்தக் காத்திருக்கும் நேரம் எந்தத் திட்டக் கணக்கிலும் சேர்க்கப்படுவதில்லை. அதைச் சேர்க்க வேண்டும் என்பதே இன்று நாம் சொல்ல வந்த விஷயம்.

பிரயாணம் என்பது விமானத்தின் பிரயாணமன்று, மனிதனின் பிரயாணம். அது சக்கரம் தரையை விட்டு எழும்போது ஆரம்பிப்பதில்லை. வீட்டு வாசற்படியைத் தாண்டும்போது ஆரம்பிக்கிறது. போக வேண்டிய வீட்டின் வாசற்படியை மிதிக்கும்போது முடிகிறது. இந்த அளவுகோலைக் கொண்டு அந்த மூன்று நிமிஷத்தைச் சற்றே பரிசீலிப்போம்.

இரண்டு ஊரிலும் விமான நிலையம் கட்டியாகி விட்டது என்றே வைத்துக் கொள்வோம். விமான நிலையத்தை நடுக்கடைத் தெருவில் கட்ட முடியாது. ஊருக்கு வெளியே பல மைல் தள்ளித்தான் இடம் கிடைக்கும். அங்கே போய்ச் சேர அரை மணி. புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே நிலையத்தில் ஆஜராக வேண்டும். பையைச் சோதிக்க வேண்டும், உடம்பைச் சோதிக்க வேண்டும். விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போய், எழும்பி, வட்டமிட்டு, இறங்கி, மறுபடி ஊர்ந்து வந்து நிற்பதற்கு மூன்று நிமிஷம் போதாது. பதினைந்து, இருபது நிமிஷமாவது ஆகும். அவ்வளவு சிறிய தூரத்தில் விமானம் தன் முழு வேகத்தை எட்டுவதற்கு முன்பே இறங்கத் தொடங்கிவிட வேண்டும். பிறகு பெட்டிக்குக் காத்திருப்பது, வெளியே வருவது, வண்டி பிடித்து ஊருக்குள் போவது. எல்லாவற்றையும் கூட்டினால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வருகிறது. சாலையில் தூரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பஸ் ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். மூன்று நிமிஷம் தோற்றது. ஒரு மணி நேரம் ஜெயித்தது!

இவ்விடத்தில் எதிர்க்கட்சியின் வாதத்தையும் நியாயமாக எடுத்துரைப்பது நமது கடமை. பக்கத்து ஊர்களுக்குள் பறக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சிறிய ஊர்களிலிருந்து பெரிய நகரங்களுக்குப் பறக்கவே விமானம் வேண்டும் என்பார்கள். விமானம் பணக்காரரின் ஏகபோகமா என்றும் கேட்பார்கள். ரயில் வந்த காலத்திலும் மாட்டு வண்டியே போதும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள் அல்லவா என்பார்கள். இவை அலட்சியம் செய்யத் தக்க வாதங்கள் அல்ல. 1903-ஆம் வருஷம் ரைட் சகோதரர்களின் முதல் விமானம் 12 விநாடி பறந்து 37 மீட்டர் தூரத்தைக் கடந்தது. 1932-ஆம் வருஷம் டாட்டாவின் தபால் விமானம் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு வந்தது. அன்று இவற்றைக் கண்டு நகைத்தவர்கள் பின்னால் வெட்கப்பட நேர்ந்தது. புதுமையைக் கண்டு பரிகசிக்கும் கூட்டத்தில் நாம் சேர விரும்பவில்லை.

ஆனால் ஒரு வாகனம் நல்லதா, கெட்டதா என்பதன்று கேள்வி. எந்தத் தூரத்துக்கு எந்த வாகனம் என்பதே கேள்வி. ஸ்காத்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரண்டு தீவுகள் இருக்கின்றன. அவற்றினிடையே 1967-ஆம் வருஷம் முதல் விமானம் பறந்து வருகிறது. தூரம் 2.7 கிலோமீட்டர், நேரம் இரண்டு நிமிஷத்துக்கும் குறைவு. உலகத்திலேயே மிகச் சிறிய விமானப் பிரயாணம் அதுதான். அதை யாரும் வீண் என்று சொல்வதில்லை. ஏனென்றால் நடுவிலே கடல் இருக்கிறது. வடகடலின் காற்றும் அலையும் இருக்கின்றன. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவிலே என்ன இருக்கிறது? மக்காச்சோளக் கொல்லையும் பருத்திக் காடும் இருக்கின்றன. சிமெண்டுக்கும் சுண்ணாம்புக் கல்லுக்குமாக ஓடும் லாரிகள் இருக்கின்றன.

பிரான்ஸ் தேசத்தை எடுத்துக் கொள்வோம். விமானக் கலையில் அந்தத் தேசம் யாருக்கும் பின்தங்கியதன்று. ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போகக் கூடிய ஊர்களுக்கு உள்நாட்டு விமானம் கூடாது என்று அங்கே 2021-ஆம் வருஷம் சட்டம் இயற்றினார்கள். 2023 மே மாதம் அதை அமலுக்குக் கொண்டுவந்தார்கள். பாரிஸின் ஓர்லி நிலையத்திலிருந்து நாந்த், போர்தோ, லியோன் ஆகிய ஊர்களுக்குச் சென்ற விமானங்கள் நின்றன. ரயில் ஒழுங்காக ஓடுகிற தேசம் விமானத்தைக் குறைக்கிறது. ரயிலே இல்லாத ஊருக்கு நாம் விமானக் கணக்குப் போட்டுக் கொண்டிருக்கிறோம்.

இனி நமது நாட்டு அநுபவத்தைப் பார்ப்போம். சிறிய ஊர்களை விமானத்தால் இணைப்பதற்காக இந்திய சர்க்கார் 2016 அக்டோபரில் 'உதான்' திட்டத்தை அறிவித்தார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம், 500 கிலோமீட்டர் பிரயாணத்துக்கு ஒரு பகுதி ஆசனங்களின் கட்டணம் 2,500 ரூபாய்க்கு மேற்படக் கூடாது என்று அப்போது விதித்தார்கள். நோக்கம் நல்ல நோக்கம்தான். அந்தத் திட்டத்திலேயே மற்றொரு விதியும் இருந்தது. திட்டத்தின் சலுகை 200 கிலோமீட்டர் முதல் 800 கிலோமீட்டர் வரையுள்ள மார்க்கங்களுக்கே என்று அறிவித்தார்கள். மலைநாடு, தீவு, தொலைவில் ஒதுங்கிய பிரதேசம், எல்லைப் பாதுகாப்புக்குரிய இடம் இவற்றுக்கு மட்டும் அந்தக் கீழ் எல்லை இல்லை. ஆகவே சமவெளியிலே குறுகிய தூரத்துக்கு விமானம் பயன்படாது என்பதை விமானத் திட்டக்காரர்களே எழுத்து மூலம் ஒப்புக் கொண்டிருக்கிறார்கள். எதிர்க்கட்சியின் சாட்சியே நமக்குச் சாதகமாகச் சாட்சி சொன்ன பிறகு வாதத்தை வளர்க்க வேண்டியதில்லை.

தூரம் போதுமானதாக இருந்த இடங்களில் நடந்தது என்ன? கணக்குத் தணிக்கைத் தலைவரின் 2023-ஆம் வருஷ அறிக்கை அதைச் சொல்கிறது. உதானின் மூன்றாம் சுற்று வரையில் 774 மார்க்கங்கள் வழங்கப்பட்டன. அவற்றில் 403 மார்க்கங்களில் விமானம் பறக்கவே ஆரம்பிக்கவில்லை. பறக்க ஆரம்பித்த 371-இல் 112 மட்டுமே சலுகைக் காலமான மூன்று வருஷத்தைப் பூர்த்தி செய்தன. சலுகை முடிந்த பிறகும் 2023 மார்ச் வரை தாமே நின்று நடந்தவை 54. நூற்றுக்கு ஏழு! கையைப் பிடித்து நடத்தும் வரை நடந்த குழந்தை, கையை விட்டதும் உட்கார்ந்து விட்டது.

நமது அண்டையிலேயே உதாரணம் இருக்கிறது. சேலத்து விமான நிலையம் காமலாபுரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சென்னை நேர்கோட்டில் 265 கிலோமீட்டர் அளவில் இருக்கும். விமானத்துக்குத் தகுந்த தூரம். தொழிலும் வியாபாரமும் பெருகிய நகரம். அங்கும் உதான் திட்டத்தில் 2018 மார்ச்சில் தொடங்கிய போக்குவரவு 2021-இல் நின்றது. மறுபடி 2023 அக்டோபரில்தான் விமானம் வந்தது. அதற்கு முந்திய கதையும் உண்டு. 1981-இல் ஸ்தாபிக்கப்பட்ட வாயுதூத் என்னும் சர்க்கார் கம்பெனியின் சிறு விமானங்கள் தஞ்சாவூருக்கும் நெய்வேலிக்கும் வந்து போயின, ஆனால் நீடிக்கவில்லை. தஞ்சாவூர் ஓடுபாதைக்கும் திருச்சி ஓடுபாதைக்கும் நேர்கோட்டில் 43 கிலோமீட்டர்தான். பக்கத்திலே பெரிய நிலையம் இருக்கும்போது சிறியது எப்படிப் பிழைக்கும்? பெரிய சந்தைக்குப் பக்கத்தில் சிறிய சந்தை கூடுவதில்லை என்பதை நமது கிராமத்து வியாபாரி அறிவான். தஞ்சாவூர் இன்று விமானப் படையின் தளமாக விளங்குகிறது. 2020 ஜனவரியில் சுகோய் விமான அணி அங்கே நிறுத்தப்பட்டது. அந்த ஓடுபாதைக்குத் தகுந்த வேலை கிடைத்தது. அவ்வளவுதான்.

நாம் சொல்வதன் கருத்து, பெரம்பலூர், அரியலூர் ஜனங்களுக்கு விமானம் வேண்டாம் என்பதன்று. அவர்களைப் போல் விமானத்தை நம்பி வாழ்கிறவர்கள் அநேகர் இல்லை. வெள்ளாற்றங்கரையில் லெப்பைக்குடிக்காடு என்னும் ஊர் இருக்கிறது. அதைப் போன்ற ஊர்களிலிருந்து எத்தனையோ வாலிபர்கள் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. தங்கைமார்களின் கல்யாணம் நடக்கிறது. அவர்கள் ஏறுமிடமும் இறங்குமிடமும் திருச்சிராப்பள்ளி. அந்த நிலையத்தின் புதிய கட்டடம் 2024 ஜனவரி 2-ஆம் தேதி திறந்து வைக்கப்பட்டு, அவ்வருஷம் ஜூன் மாதம் உபயோகத்துக்கு வந்தது. கண்ணைப் பறிக்கும் கட்டடம். கோபுரங்களையும் கோலங்களையும் தீட்டியிருக்கிறார்கள். நமக்கும் பெருமைதான்.

அங்கிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். நான்கு மணி நேரத்தில் விமானம் போய்விடுகிறது. ஆனால் அந்தக் கட்டடத்தின் வாசலுக்கு வருவது எப்படி? பெரம்பலூரிலிருந்து 60 கிலோமீட்டர், அரியலூரிலிருந்து 75 கிலோமீட்டர் அளவில்தான் தூரம். கிராமத்திலிருந்து ஒரு பஸ். நகரத்திலிருந்து திருச்சிக்கு ஒரு பஸ். திருச்சியில் இறங்கி, புதுக்கோட்டைச் சாலையில் இருக்கும் விமான நிலையத்துக்கு மற்றொரு பஸ். விமானம் பின்னிரவில் என்றால் முன்மாலையிலேயே புறப்பட்டாக வேண்டும். இல்லாவிட்டால் வாடகைக் காருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டும். முதன்முறையாகக் கடல் கடக்கும் வாலிபன் அந்தப் பணத்தையும் கடனாகத்தான் வாங்குகிறான். கடலைத் தாண்ட நான்கு மணி நேரம். கொள்ளிடத்தையும் காவிரியையும் தாண்ட அதே அளவு நேரம்! இந்த அநியாயத்துக்கு மருந்து பெரம்பலூரில் ஓடுபாதை போடுவதன்று. வீட்டுக்கும் திருச்சி நிலையத்துக்கும் நடுவிலுள்ள வழியைச் சீர்திருத்துவதே மருந்து.

வழி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது இருப்புப்பாதை. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்குச் செல்லும் குறுக்குப் பாதை 1920-களின் இறுதியில் போடப்பட்டது. அன்று முதல் அரியலூர் ரயில் ஊர். அரியலூருக்கு மேற்கே முப்பது கிலோமீட்டரில் உள்ள பெரம்பலூருக்கு அந்தப் பாக்கியம் வரவில்லை. ஒரு மாவட்டத்தின் தலைநகரம் இன்றும் ரயில் நிலையம் இல்லாமல் இருக்கிறது. 1995-இல் திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001-இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது; 2002-இல் மறுபடி ஒன்று சேர்ந்தது; 2007 நவம்பர் 23-இல் மறுபடியும் பிரிந்தது. எல்லைக் கோடு இத்தனை முறை நகர்ந்தது. தண்டவாளம் மட்டும் ஓர் அடி கூட நகரவில்லை. அரியலூரிலிருந்து பெரம்பலூர், துறையூர் வழியாக நாமக்கல்லுக்குப் பாதை வேண்டும் என்பது நெடுநாளைய கோரிக்கை. தேர்தலுக்குத் தேர்தல் அது உயிர்பெறுகிறது. தேர்தல் முடிந்ததும் உறங்கப் போகிறது.

நவம்பர் 23 என்ற தேதி அந்தப் பிரதேசத்தார் மறக்க முடியாத தேதி. 1956-ஆம் வருஷம் அதே தேதியில், விடியற்காலையில், சென்னையிலிருந்து சென்ற தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூருக்கு அருகே மருதையாற்றில் வீழ்ந்தது. பெருவெள்ளம் பாலத்தை அரித்திருந்தது. நூற்று நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பைத் தம்மீது ஏற்றுக் கொண்டு பதவியைத் துறந்தார். அவர் பாலத்தைக் கட்டியவருமல்லர், வண்டியை ஓட்டியவருமல்லர். இருந்தாலும் ஜனங்கள் எப்படிப் பிரயாணம் செய்கிறார்கள் என்பதற்குத் தாமே ஜவாப்தாரி என்று அவர் கருதினார். அந்த ஜவாப்தாரி உணர்ச்சியைத்தான் இன்று நாம் தேடுகிறோம். விபத்துக்கு மட்டும் ஜவாப்தாரி இருந்தால் போதாது. தினந்தோறும் ஆயிரக்கணக்கான ஜனங்களின் வாழ்நாளில் ஒரு மணி, இரண்டு மணி என்று வீணாகிறதே, அதற்கும் ஒரு ஜவாப்தாரி வேண்டும்.

ரயில் உள்ள அரியலூரின் நிலைமையாவது திருப்தியா? 2023 செப்டம்பரில் சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் வந்தே பாரத் வண்டி ஓட ஆரம்பித்தபோது, அது அரியலூர் வழியாகப் போயிற்று; அரியலூரில் நிற்கவில்லை. எல்லா வேக வண்டியும் எல்லா ஊரிலும் நிற்க முடியாது என்பதை நாம் அறிவோம். நின்றால் அது வேக வண்டியாக இராது. ஆனால் வேகம் நமது ஊர் வழியாகப் போகிறது, நமது ஊருக்கு வருவதில்லை என்ற மனக்குறை ஜனங்களுக்கு ஏற்பட்டால் அதைக் குற்றமென்று சொல்வார் யார்?

விமான நிலையம் கட்டுவதற்குச் சில நூறு ஏக்கர் நிலம் தேவை. பெரம்பலூர்க் கரிசலில் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகின்றன. செட்டிகுளத்துப் பக்கம் சின்ன வெங்காயம் விளைகிறது. நிலத்தை எடுப்பது எளிது. எடுத்த நிலத்துக்கு வேலை கொடுப்பது கடினம். திருமாந்துறைப் பக்கத்தில் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று சொல்லி ஆயிரக்கணக்கான ஏக்கர் வாங்கப்பட்டு, சொன்ன தொழில்கள் வராமல் வருஷக்கணக்கில் கிடந்ததை அந்தப் பிரதேசத்தார் கண்ணால் கண்டிருக்கிறார்கள். அவர்களிடம் மறுபடியும் ஆகாயத்தைக் காட்டிப் பூமியைக் கேட்பது தர்மமாகாது.

அரியலூர் மாவட்டத்திலேதான் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. கடல் கடந்து கடாரம் வரை கப்பற்படை அனுப்பிய ராஜேந்திர சோழனின் தலைநகரம் அது. அந்தத் தலைநகரத்தில் கடல் இல்லை. துறைமுகம் நாகப்பட்டினத்தில் இருந்தது. தலைநகரத்தில் கடல் இல்லையே என்று சோழ ராஜ்யம் சோர்ந்து போகவில்லை. பண்டமும் படையும் துறைமுகத்தைப் போய்ச் சேர்வதற்கு மார்க்கம் இருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது. திருச்சிராப்பள்ளி நமது ஆகாயத் துறைமுகம். மார்க்கம் இருந்தால் போதும். இல்லாதது மார்க்கமே.

ஆகவே சர்க்காரிடம் நாம் கேட்பவை நான்கு. அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கும் அங்கிருந்து மேற்கேயும் இருப்புப்பாதை போடும் வேலையை வாக்குறுதியிலிருந்து வரவு செலவுத் திட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு நகரங்களிலிருந்தும் திருச்சி விமான நிலையத்தின் வாசலுக்கே, விமானங்களின் நேரத்தை அநுசரித்து, இரவிலும் பஸ் விட வேண்டும். இதற்குக் கோடிகள் தேவையில்லை, மனம் இருந்தால் ஒரு மாதத்தில் செய்யலாம். பெரம்பலூர், அரியலூர்ச் சாலையில் கனரக லாரிகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஒரே தடத்தில் நெருக்கியடிக்கும் நிலைமை மாற வேண்டும். நான்காவதே முக்கியமானது. எந்தப் போக்குவரவுத் திட்டத்தையும் மத்திய சர்க்காராயினும் மாகாண சர்க்காராயினும் அறிவிக்கும்போது, வாகனம் எத்தனை நிமிஷத்தில் போகும் என்று மட்டும் சொல்லக் கூடாது. ஒரு கிராமத்துக் குடியானவன் தன் வாசலிலிருந்து புறப்பட்டு எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேருவான் என்பதையும் எழுதி வெளியிட வேண்டும். அந்த ஒரு வரியை எழுதக் கட்டாயப்படுத்தினால் பாதித் திட்டங்கள் மேஜையை விட்டு எழுந்திரா. எழுந்திருப்பவை ஜனங்களுக்கு உண்மையில் பயன்படும்.

பொதுக்காரியத்தில் ஈடுபட்ட நமது நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஊரில் யாராவது மேடையேறி ஆகாயத்தைக் காட்டினால், மரியாதையுடன் எழுந்து நின்று ஒரே கேள்வி கேளுங்கள்: கூட்டம் முடிந்த பிறகு வீட்டுக்குப் போகக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? அதற்கு விடை சொல்லத் தெரிந்தவரிடம் விமானத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.